லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

தைப்பூசத்து இரவு. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில், அத்தனை கூட்டத்துக்குள்ளும் முக்காலி ஊன்ற ஓர் அடி இடம் பிடித்திருந்தேன். மைய மண்டபம் முழுக்கச் சர விளக்குகள். தெப்பம் இன்னும் புறப்படவில்லை. ஷட்டரை நான்கு விநாடி திறந்துவைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் மண்டபம் துல்லியமாக வந்திருந்தது, தண்ணீரில் நடுங்கிய வெளிச்சமும் வந்திருந்தது. ஆனால் மேலே, கரிய வானத்தில், பச்சையாகப் பத்துப் பதினைந்து புள்ளிகள் தெரிந்தன.

பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. மண்டபத்து விளக்கு வரிசையே தலைகீழாகி, இடமும் வலமும் மாறி, வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோபுர உச்சி விளக்கின் நிழல் வரிசைக்கு அடியில், மற்றவற்றிலிருந்து விலகித் தனியாக நின்றது. லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். புள்ளிகள் அதே இடத்தில் அப்படியே இருந்தன.

பக்கத்தில் நின்ற ஸ்டுடியோக்காரருக்கு என் அப்பா வயது இருக்கும். எட்டிப் பார்த்தார். "முன்னாடி கண்ணாடி போட்டிருக்கீங்களா தம்பி? அதக் கழட்டிட்டு எடுங்க." கழற்றினேன். அடுத்த படத்தில் வானம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

அந்தக் கண்ணாடி, லென்ஸ் வாங்கிய அன்றைக்கே கடைக்காரர் திருகிக் கொடுத்த யூவி ஃபில்டர். போன் வாங்கினால் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டு வருகிறோமே, அதே பழக்கம்தான். "இதப் போட்டுட்டா லென்ஸுக்குக் கவலையே இல்ல சார்" என்றார். மூன்று வருடம் அதை நான் கழற்றியதே இல்லை. அது எதைத் தடுக்கிறது, எதைக் கெடுக்கிறது என்று யோசித்ததும் இல்லை. அன்று இரவு வீடு திரும்பியதும் யோசிக்க ஆரம்பித்தேன். அந்த வட்டக் கண்ணாடிக்குள் இருநூறு வருட அறிவியல் இருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்கலாம். யூவி என்பது புற ஊதா. வானவில்லின் ஊதா நிறம் ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளத்தில் முடிகிறது, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒளி தொடங்குகிறது. இதை 1801ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஜேனா நகரில் கண்டுபிடித்தவர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். வெள்ளிக் குளோரைடு தடவிய தாளின் மேல் பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியை விழ வைத்தார். வெள்ளிக் குளோரைடு ஒளி பட்டால் கறுக்கும். சிவப்புப் பக்கம் மெதுவாகவும், ஊதாப் பக்கம் வேகமாகவும் கறுத்தது. ஊதாவையும் தாண்டி, வெளிச்சமே விழாதது போலத் தெரிந்த இடத்தில்தான் எல்லாவற்றையும்விட வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் முதன்முதலில் மனிதனுக்கு அகப்பட்டது ஒரு வெள்ளி உப்பில். புகைப்படக் கலை பிறக்கப் போவதும் அதே வெள்ளி உப்பிலிருந்துதான்.

அதனால்தான் புகைப்படத்துக்குப் புற ஊதா பிறவித் தொல்லையாக அமைந்தது. வெள்ளி உப்புகள் தம் இயல்பில் நீலத்தையும் ஊதாவையும் புற ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும், பச்சையும் சிவப்பும் அவற்றுக்கு இருட்டு மாதிரி. நீல வானம் இந்த ரசாயனத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். லினேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் மதுரையைப் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் அவர் காகித நெகட்டிவில் பதித்த படங்கள் இன்றும் இருக்கின்றன. வெறுமையாக வந்த வானம் பிடிக்காததால், நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டிச் சேர்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

பிறகு சாயங்கள் கலந்து பச்சையையும் சிவப்பையும் உணரும் ஃபிலிம்கள் வந்தன, 1930களில் வண்ண ஃபிலிமும் வந்தது. வண்ண ஃபிலிமில் மூன்று அடுக்குகள், மேலே இருப்பது நீலத்துக்கானது. லென்ஸைக் கடந்து வரும் புற ஊதா முதலில் அந்த அடுக்கில்தான் போய் முட்டும். ஃபிலிமுக்கு நீலம் வேறு, புற ஊதா வேறு என்று தெரியாது, இரண்டையும் நீலமாகவே பதித்துவிடும். கடற்கரையிலும் மலையிலும் எடுத்த பழைய வண்ணப் படங்களில் ஒரு நீலப் பூச்சு படர்ந்திருப்பதைப் பலர் வீட்டு ஆல்பத்திலேயே பார்க்கலாம்.

மலையில் இது கூடுவதற்குக் காரணம் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் மடியில் ஏறுகிறது. 550 நானோமீட்டர் பச்சையைவிட 350 நானோமீட்டர் புற ஊதா ஆறு மடங்கு சிதறும். தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற காற்று முழுதும் ஒரு மெல்லிய நீலத்திரை போல ஒளிர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் நீலகிரி நீலமாகத் தெரிவதே இதனால்தான். நம் கண்ணுக்குத் தெரிவது அந்தத் திரையின் ஊதா வரைக்குமான பங்கு மட்டும், ஃபிலிமோ அதற்கு அப்பால் உள்ளதையும் சேர்த்துப் பார்த்தது. உயரம் கூடினால் இன்னும் மோசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது.

இந்தத் தொல்லைக்கு வைத்தியமாகப் பிறந்ததுதான் யூவி ஃபில்டர். புற ஊதாவை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. நிக்கான் தன் ஃபில்டர் ஒன்றுக்கு எல்37 என்று பெயர் வைத்தது, ஏறத்தாழ 370 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டும் என்பதைப் பெயரே சொல்கிறது. ஸ்கைலைட் என்று இலேசான இளஞ்சிவப்பில் இன்னொன்று விற்றது. அது புற ஊதாவை வெட்டுவதோடு நீலப் பூச்சையும் கொஞ்சம் குறைக்கும். ஃபிலிம் காலத்தில் மலைக்குப் போகிறவர் அதை வாங்கியது நியாயமான செலவு.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்த நியாயம் போய்விட்டது. முதலில் லென்ஸே ஒரு தடுப்பு. பத்துப் பதினைந்து கண்ணாடி வில்லைகள், ஒட்டுப் பசை, பூச்சுகள் என்று எல்லாம் சேர்ந்து புற ஊதாவின் பெரும்பகுதியை வழியிலேயே விழுங்கிவிடும். அதையும் தாண்டி வருவதைத் தடுக்க சென்சாரின் முகத்திலேயே ஒரு வடிகட்டி ஒட்டியிருக்கிறார்கள். அகச்சிவப்பையும் புற ஊதாவையும் வெட்டும் அந்த மெல்லிய கண்ணாடி இல்லாமல் பொதுவாகக் கேமரா கடைக்கு வருவதில்லை. நிஜமாகவே புற ஊதாவில் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் அதற்கென்று தனி லென்ஸ் தேட வேண்டியிருக்கிறது. நிக்கானின் யூவி-நிக்கோர் 105 மி.மீ. லென்ஸை குவார்ட்ஸிலும் ஃப்ளோரைட்டிலும் செய்தார்கள், ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களுக்குச் சுவர்.

சென்சாரின் முகத்து வடிகட்டியை மெலிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில், படத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கட்டும் என்று அந்தக் கண்ணாடியை மிக மெலிதாக வைத்தார்கள். கறுப்புச் செயற்கைத் துணிகள் படத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. அகச்சிவப்பு உள்ளே கசிந்ததுதான் காரணம். கடைசியில் லென்ஸின் முன்னால் யூவி-ஐஆர் ஃபில்டர் போடுவதுதான் தீர்வாயிற்று. டிஜிட்டல் காலத்தில் முன்கண்ணாடி இல்லாமல் தீராது என்ற நிலை வந்த அரிய சந்தர்ப்பம் அது, அங்கும் குற்றவாளி புற ஊதா அல்ல.

கையில் இருக்கும் யூவி ஃபில்டர் உண்மையில் புற ஊதாவைத் தடுக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் சின்னக் கடைகளில்கூடக் கிடைக்கிறது. இருட்டறையில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து டார்ச்சை அடித்தால் நோட்டில் சில இடங்கள் பளிச்சென்று ஒளிரும். நடுவில் ஃபில்டரைப் பிடித்தால் ஒளிர்வு அணைய வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு ஃபில்டர்களை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் உடனே மங்கியது, இன்னொன்றில் எதுவும் மாறவில்லை. இரண்டாவது போலி என்றுதான் முடிவு கட்டினேன். பிறகு டார்ச்சின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 395 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. 370இல் வெட்டுகிற ஃபில்டருக்கு 395 விட வேண்டிய ஒளி. 365 நானோமீட்டர் டார்ச் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தபோது இரண்டு ஃபில்டருமே அணைத்தன. சோதனையை நம்புவதற்கு முன்னால் டார்ச்சின் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. நம் கண்ணுக்குள்ளும் ஒரு யூவி ஃபில்டர் இருக்கிறது. கண்ணின் லென்ஸ் 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால்தான் விழித்திரை பிழைக்கிறது. கண்புரை அறுவையில் அந்த லென்ஸை எடுத்துவிடுவதால், பதிலாக வைக்கும் செயற்கை லென்ஸில் புற ஊதாவை விழுங்கும் பொருளைக் கலந்தே செய்கிறார்கள். 1992இல் தொடங்கிய மதுரை அரோலேப் உலகுக்கெல்லாம் அனுப்பும் லென்ஸ்கள் அந்த வகைப் பொருள்தான். கேமராவில் வேலை இழந்த ஃபில்டருக்குக் கண்ணில் இன்றும் வேலை இருக்கிறது.

ஆக, லென்ஸின் முன்னால் நாம் திருகுவது இன்று யூவி ஃபில்டர் அல்ல, ஒரு காவல் கண்ணாடி. உற்பத்தியாளர்களே எந்த ஒளியையும் வெட்டாத 'புரொடெக்டர்' என்று தனியாக விற்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது எதிலிருந்து காக்கிறது?

பொதுவாகச் சொல்லும் பதில், கீழே விழுந்தால் லென்ஸுக்குப் பதில் ஃபில்டர் உடையும் என்பது. நொறுங்கிய ஃபில்டரைக் காட்டி, "இது இல்லேன்னா லென்ஸ் போயிருக்கும்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. அவர்கள் பயந்தது உண்மை, ஆனால் எட்டிய முடிவு பெரும்பாலும் தவறு. ஃபில்டர் உடைந்தது என்பது ஃபில்டர் பலவீனமானது என்பதற்குத்தான் சான்று, லென்ஸ் உடைந்திருக்கும் என்பதற்கு அல்ல.

கண்ணாடி ஏன் உடைகிறது என்று பார்த்தால் இது புரியும். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. 1921இல் ஏ.ஏ. கிரிஃபித் காட்டியபடி, இழுவிசை வரும்போது அந்தக் கீறலின் முனையில் விசை குவிந்து பிளவு ஓடுகிறது. அழுத்தினால் கண்ணாடி தாங்கும், வளைத்தால் தாங்காது. மெல்லிய தட்டையான தகட்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால் தகடு வளைந்து, மறுபக்கம் இழுபடுகிறது. அந்த இழுவிசை தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தடிமன் மூன்று மடங்கானால் அதே அடியில் இழுவிசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஃபில்டர் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். லென்ஸின் முன்வில்லை நடுவில் அதைப் போலப் பல மடங்கு தடித்தது. பெரும்பாலானவை வெளிப்பக்கம் குவிந்தும் இருக்கும், அதனால் அடியின் ஒரு பகுதி கமான் வளைவில் ஏறும் சுமை போல ஓரங்களுக்கு அழுத்தமாக இறங்கிவிடும். ஃபில்டரை நொறுக்கும் அடி அந்த வில்லையில் ஒரு தடமும் பதிக்காமல் போகலாம்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். நொறுங்கிய ஃபில்டரின் சில்லுகள் நேராக முன்வில்லையின் மேல்தான் விழுகின்றன. கண்ணாடியைக் கீறக் கண்ணாடியே போதும். விழுந்த அதிர்ச்சியில் வளையத்தைத் திருகி எடுக்கப் பார்த்து, சில்லுகளை லென்ஸின் மேல் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் உடைந்தால் கேமராவை முகம் கீழே பார்க்கப் பிடித்து, மெதுவாகத் தட்டி, காற்று ஊதி எல்லாவற்றையும் உதிர்த்த பிறகே வளையத்தில் கை வைக்க வேண்டும். வளையம் மட்டும் நல்ல சேவை செய்வதுண்டு. ஓரமாக விழும்போது அது நசுங்கி லென்ஸின் திருகுமரையைக் காப்பாற்றும். ஆனால் அந்த வேலையை லென்ஸ் ஹூட் இன்னும் நன்றாகச் செய்கிறது. ஹூட் நீண்டு நிற்பதால் அடியை முதலில் அதுவே வாங்கும், பிளாஸ்டிக் என்பதால் வளைந்து கொடுக்கும், பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். என் அனுபவத்தில் லென்ஸைக் காத்தது பெரும்பாலும் ஹூட்தான்.

காவல் கண்ணாடிக்கு உண்மையான வேலை வருகிற இடங்கள் வேறு. தனுஷ்கோடியில் ஒரு மதிய நேரம். அரிச்சல்முனைப் பக்கம் காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு ஓடவிட்டுக்கொண்டிருந்தது. தாழ்ந்து உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் ஃபில்டரின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறியது, உப்புத் துளிகள் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நின்றன, அவற்றில் மணல் ஒட்டியிருந்தது. கடற்கரை மணலில் பெருமளவு குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஐந்தரைக்கு அருகில். அதாவது மணல் கண்ணாடியை எப்போதும் கீறும். அந்த நேரத்தில் சட்டை நுனியால் ஒரு துடைப்புத் துடைத்தால், மணலை உப்புத் தாளாக்கி லென்ஸைத் தேய்த்ததாகிவிடும். லென்ஸ் கெடுவது அடியால் அல்ல, அவசரத் துடைப்பால். அன்று நான் ஃபில்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். இரவு விடுதியில் குழாயடியில் காட்டி உப்பைக் கரைத்துக் கழுவினேன். லென்ஸைக் குழாயடியில் காட்ட முடியாது.

நம் கல்யாண வீடுகளும் இப்படித்தான். பன்னீர்ச் சொம்பு தெளிக்கும், அட்சதை பறக்கும், சந்தனக் கை கேமராவை விலக்கும், ஹோமப்புகையில் நெய் ஆவியாகிப் படியும். சல்லிக்கட்டு வாடிவாசலில் புழுதி. இங்கெல்லாம் முன்னால் ஒரு கண்ணாடி இருப்பது நிம்மதி. அடிக்கடி துடைக்கலாம், பாழானால் மாற்றலாம். கேனனின் 17-40 மி.மீ. எஃப்/4 எல் போன்ற சில லென்ஸ்களில் தூசி, ஈரத் தடுப்பு முழுமையடைய முன்னால் ஃபில்டர் போட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அந்த லென்ஸ்களில் முன்வில்லை உட்புறம் அசையும், அந்த இடைவெளியை அடைப்பது ஃபில்டரின் வேலை.

துடைத்துத் துடைத்து முன்வில்லையில் ஒரு கீறலே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு பதறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 60 மி.மீ. விட்டமுள்ள வில்லையின் பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர மி.மீ. பத்து மி.மீ. நீளமும் பத்தில் ஒரு மி.மீ. அகலமும் உள்ள கீறல் ஒரு சதுர மி.மீ. மட்டுமே. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி முன்வில்லையின் பரந்த பகுதியிலிருந்து திரண்டு வருகிறது, கீறல் அதில் அரைக்கால் பங்குகூட மறைக்காது, குவியத்திலும் இல்லாததால் கோடாகவும் பதியாது. சூரியனுக்கு நேரே திருப்பினால் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் சிதறும். பின்வில்லை, அதாவது கேமராப் பக்கத்துக் கண்ணாடி, அப்படி அல்ல. அங்கே ஒரு விரல்ரேகைகூடப் படத்தை மங்கடிக்கும். யாரும் அதற்கு ஃபில்டர் போடுவதில்லை.

இப்போது தெப்பக்குளத்து வானத்துக்கு வரலாம்.

காற்றிலிருந்து சாதாரணக் கண்ணாடிக்குள் ஒளி நுழையும்போது நான்கு சதவீதம் திரும்பி வந்துவிடும். வெளியேறும்போதும் அதே அளவு. பூச்சில்லாத ஒரு கண்ணாடி எட்டு சதவீதம் ஒளியை எதிரொளிக்கிறது. லென்ஸில் இத்தனை வில்லைகள் இருந்தும் படம் மங்காததற்குக் காரணம் மேலே இருக்கும் பூச்சுகள். இந்த அறிவு வந்த விதமே அழகு. 1890களில் ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வடிவமைப்பாளர், நாள்பட்டுக் கறை படிந்த பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார். கறை என்று நினைத்தது உண்மையில் ஒரு மெல்லிய படலம். படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அடிப்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அரை அலை வித்தியாசத்தில் வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், அழிந்த எதிரொளிப்பின் பங்கு கண்ணாடியைக் கடந்து உள்ளே போய்விடும். ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935இல் இதை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையாக்கினார். 1971இல் பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சைக் கொண்டுவந்தது. நல்ல பலஅடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் எதிரொளிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் பச்சையும் ஊதாவும் பூச்சின் மிச்ச எதிரொளிப்புதான்.

மண்டபத்து விளக்கின் ஒளி லென்ஸுக்குள் நுழைந்து சென்சாரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. சென்சாரின் முகம் பளபளப்பானது, கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி வந்த வழியே லென்ஸைக் கடந்து வெளியேறும்போது மறுபடி இணைக் கற்றையாகிவிடுகிறது, விளக்கு தூரத்தில் இருப்பதால். வெளியே போகிற கற்றை ஃபில்டரில் மோதுகிறது. லென்ஸின் வில்லைகள் வளைந்தவை, அவற்றில் மோதும் ஒளி விரிந்து கலைந்துபோகும். ஃபில்டர் தட்டையானது. தட்டையான கண்ணாடி ஒரு நிலைக்கண்ணாடி போல, கற்றையின் சாய்வை மட்டும் எதிர்ப்புறமாக்கி, கலையாமல் திருப்பி அனுப்பும். திரும்பி நுழையும் இணைக் கற்றையை லென்ஸ் மறுபடி கூர்மையாகக் குவிக்கிறது, ஆனால் படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில். கீழே இருந்த விளக்கு மேலே போகும், இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போகும். என் படத்தில் விளக்கு வரிசை தலைகீழாகி வானத்தில் நின்றது இப்படித்தான்.

சென்சார் ஐந்து சதவீதமும் மலிவு ஃபில்டர் எட்டு சதவீதமும் எதிரொளிக்கிறது என்று வைத்தால், இப்படி எதிர்ப்புறத்தில் விழும் பேய்ப் பிம்பத்தின் பலம் அசல் விளக்கில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. பகலில் அது தெரியவே தெரியாது. இரவில், விளக்கு வானத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கையில், அந்த ஒரு பங்கே வானத்தை வென்றுவிடும். நல்ல பூச்சுள்ள ஃபில்டரில் இது எட்டில் ஒரு பங்காகக் குறையும், முழுக்க மறையாது. மெழுகுவர்த்தி, தெருவிளக்கு, அஸ்தமனச் சூரியன், கார்த்திகை தீபம், இருட்டும் வெளிச்சமும் ஒரே படத்தில் வருகிற எதுவானாலும் ஃபில்டர் பைக்குள் இருக்கட்டும். பழைய படங்களைத் திறந்து, படத்தின் நடுவிலிருந்து எதிர்ப்புறத்தில் தேடிப் பாருங்கள். நான் தேடியபோது மூன்று வருடப் படங்களில் அந்தப் பச்சைப் புள்ளிகள் இருந்தன.

நீண்ட டெலிஃபோட்டோவில் ஃபில்டர் வேறு விதமாகக் கெடுக்கும். கண்ணாடியின் இரண்டு முகங்களும் முற்றிலும் தட்டையாக, இணையாக இருக்க வேண்டும். குறைந்த குவியத்தூரத்தில் தெரியாத மேடுபள்ளம், பறவை படமெடுக்கும் லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்கும்போது தன்னையும் பெரிதாக்கிக்கொள்ளும். வேடந்தாங்கலுக்குப் போய் வந்து லென்ஸில் கூர்மையே இல்லை என்று புலம்புகிறவர், முதலில் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

பெயரால் வரும் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் தமிழ்நாட்டின் வழியாகப் போனது. அன்று மொட்டை மாடியில் ஒரு பையன், "யூவி ஃபில்டர் போட்டிருக்கேன் அங்கிள், ஒண்ணும் ஆகாது" என்று கேமராவைச் சூரியனுக்கு நேரே தூக்கினான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சூரியனைப் படமெடுக்கும் ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும். யூவி ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விடுகிறது, அகச்சிவப்பையும் விடுகிறது. ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாக அதைப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும், வலிகூடத் தெரியாது. குழந்தைகள் கையில் கேமரா கொடுக்கிற வீடுகளில் இதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் என் பையில் ஒரே ஒரு காவல் கண்ணாடிதான், பலஅடுக்குப் பூச்சுள்ளது. கடற்கரைக்கும் கல்யாணத்துக்கும் புழுதிக்கும் மாட்டுகிறேன். இரவுக்கும் எதிர்வெயிலுக்கும் கழற்றுகிறேன். ஹூட் மட்டும் எப்போதும் லென்ஸில் இருக்கும்.

கழற்றுவதுதான் பலருக்குச் சிக்கல். வருடக்கணக்கில் திருகியே கிடந்த அலுமினிய வளையம் லென்ஸின் மரையோடு இறுகிப்போயிருக்கும். விரல் நுனிகளால் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் வளையம் லேசாக நீள்வட்டமாகி இன்னும் இறுகும். வளையத்தைச் சுற்றிலும் ஒரு அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் பதித்து, அழுத்தாமல் இடப்பக்கமாகத் திருப்பினால் விசை சுற்றிலும் சமமாகப் பரவும். முதலில் அசையாது. இன்னொரு முறை, இன்னும் லேசாகப் பிடித்துத் திருப்பினால் மெல்ல ஒரு கரகரப்போடு இளகிக் கொடுக்கும்.